வில்ஃப்ரிதோவுக்கு ஒரு சப்வூஃபர்

பாரங்கியா
11 ஜனவரி 2004

எவேலியோ,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை. ஆறு வருஷமாக உன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தெருவுக்கே பாட்டுப் போட்ட எங்கள் பிக்கோ ஸ்பீக்கர் அடுக்கிலிருந்து, கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர்களைக் கழற்றி விற்றுவிட்டு எல்லை தாண்டி மரகைபோவுக்கு ஓடிப்போனவனிடமே யோசனை கேட்டு எழுதுகிறேன் என்றால், எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை நீயே புரிந்துகொள்.

உன் அண்ணனுக்குக் காது போய்விட்டது. மந்தம் இல்லை, செவிடு. அலமாரி உயரத்துக்கு ஸ்பீக்கரை அடுக்கித் தெருவையே ஆட வைத்த மனுஷனுக்கு இப்போது நான் பாத்திரத்தைக் கீழே போட்டாலும் தெரிவதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “முப்பது வருஷம் பிக்கோ முன்னாடி நின்ன காதும்மா இது. நரம்பே செத்துப்போச்சு. மெஷின் மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல.” மாட்டிப் பார்த்தோம். நாலாம் நாள் அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டார். சண்டைக்கோழியை, அதுதான் உங்கள் இருவரின் பிக்கோவை, போன வருஷமே விற்றாகிவிட்டது.

அக்டோபரிலிருந்து அவர் வாயைத் திறப்பதில்லை. பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம் சூப் உள்ளே போனால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஸ்பீக்கர் வயரை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் மெழுகுவத்தித் திருநாளன்று மத்தியானம் பெரிய ரோட்டின் நடுவில் போய் நின்றார். கறிக்கடை மாதியாஸ்தான் இழுத்துப் போட்டான். ஹாரன் கேட்கவில்லை, பாவம் என்கிறது தெரு. மாதியாஸ் என்னிடம் மட்டும் சொன்னான்: “அவரு பஸ்ஸைப் பாத்துக்கிட்டேதான் நின்னாரு, லெதிஸ்.” இதை உன் ஞான மகள் யுரானிஸிடம்கூட நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், பார்.

யுரானிஸ் சிநேகிதி வீட்டில் ஹோம் தியேட்டர் பார்த்துவிட்டு வந்தாள். “அம்மா, படத்துல குதிரை ஓடினா நாற்காலியே நடுங்குது. அப்பாவுக்குக் காது எதுக்கு? முதுகு போதும்” என்றாள். அன்றிலிருந்து அந்த ஒரு எண்ணத்தைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். கடைத்தெருவில் ஒருத்தன் ஏழு பெட்டி, ஆயிரம் வாட் என்கிறான். இன்னொருத்தன் அது ஊரை ஏமாற்றுகிற வேலை என்கிறான். நீ அங்கே இதையே விற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். எதை வாங்குவது? பணத்தைப் பற்றி நீ கவலைப்படாதே. முனைக் கடைக்குப் போன் பண்ணு, ஞாயிறு காலை பத்து மணிக்கு நிற்கிறேன். நம்பர் பழையதுதான்.

நீ சொல்லித்தான் வாங்கினேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது.

லெதிஸ்


மரகைபோ
19 ஜனவரி 2004

அண்ணிக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். பஸ் வருகிற இடத்தை அதற்கு மேலும்.

போன் வேண்டாம். இங்கே லைன் மோசம். எழுதினால் தப்பு வராது.

ஆயிரம் வாட்டை மறந்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். ஏழு பெட்டியும் வேண்டாம். உங்கள் கூடத்தில் ஏழு வைத்தால் ஆள் உட்கார இடம் இருக்காது. இப்போது எல்லோரும் வாங்குவது முன்னால் இரண்டு, பேச்சுக்கென்று நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, அதிர்வுக்கு ஒரு சப்வூஃபர். உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கு அந்தச் சின்னப் பெட்டி ஐந்தும் தேவையே இல்லை. பெரியது ஒன்று போதும்.

எனக்குச் சில விவரம் வேண்டும். கூடத்துத் தரை என்ன தரை? அவர் உட்காருவது மர நாற்காலியா, பிளாஸ்டிக்கா? லாரி, இடி, கதவு அடிப்பது, எதற்காவது தலையைத் திருப்புகிறாரா? சுவரில் சாய்ந்து உட்காருகிறாரா? ஆட்களின் முகத்தைப் பார்க்கிறாரா, வாயைப் பார்க்கிறாரா?

ட்வீட்டர் விஷயம். நான் எடுக்கவில்லை என்று அன்றைக்கே தெரு முழுக்க நிற்கும்போது சொன்னேன். அவர் திருடன் என்றார், நான் கையை ஓங்கிவிட்டேன், அடியும் விழுந்தது. இப்போது மறுபடி சொல்லி என்ன ஆகப்போகிறது.

சூப்பில் மரவள்ளிக்கிழங்கை நன்றாக மசித்துப் போட்டுப் பாருங்கள். மெல்லவே மனம் இல்லாதபோது அது இறங்கும்.

எவேலியோ


பாரங்கியா
26 ஜனவரி 2004

எவேலியோ,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எதற்கும் இருக்கட்டும் என்று பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை முனைக் கடையில் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லைன் மோசமாம்! எதிர்வீட்டு ஓல்காவின் மருமகன் அதே மரகைபோவிலிருந்து வாராவாரம் பேசுகிறான். அவனுக்கு மட்டும் தனியாகக் கம்பி இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள் போலும். என் குரலைக் கேட்க வெட்கம் என்றால் அதை நேராகவே எழுது.

நீ கேட்டது: தரை சிமெண்ட், சிவப்புச் சாயம் போட்டது. நாற்காலி மரத்தில் செய்த ஆடுநாற்காலி, ஆனால் அவர் ஆட்டுவதில்லை. வாயைப் பார்க்கிறாரா என்று கேட்டிருந்தாய். முன்பு பார்த்தார், இப்போது சுவரைத்தான் பார்க்கிறார். போன வியாழக்கிழமை பக்கத்து மனையில் லாரி மணலைக் கொட்டியபோது தலையைத் திருப்பினார். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் திரும்பவும் சுவர்.

பெரியது ஒன்று போதும் என்கிறாய். போதாது. அதை மட்டும் கொண்டுவந்து வைத்தால், ‘செவிடனுக்கு இது போதும்னு முடிவு கட்டிட்டீங்களா’ என்று கண்ணாலேயே கேட்பார். ஐந்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். நீயே பார்த்து வாங்கி அனுப்பு. இங்கே என்னை எல்லோரும் ஏமாற்றுகிறார்கள்.

மரவள்ளியை மசித்துப் போட்டேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். உனக்கு எப்படித் தெரியும்? சீக்கிரம் அனுப்பு, எவேலியோ. கார்னிவல் வரப்போகிறது. ஊரே ஆடும்போது இவரை இந்த நாற்காலியில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

லெதிஸ்


மரகைபோ
4 பிப்ரவரி 2004

அண்ணிக்கு,

ஆறு பெட்டியும் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகின்றன. டிரைவர் தெரிந்தவர், பத்திரமாகக் கொடுப்பார். டிவிடி போடும் மெஷின் ஆறாவது பெட்டியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது.

கடையில் சப்வூஃபர் மூன்று வகை இருந்தது. இரண்டில் காற்றுப் போக ஓட்டை இருக்கும், ஒன்று முழுக்க மூடியது. ஓட்டை வைத்தது நன்றாக உறுமும், வாங்க வருகிறவர்கள் அதில்தான் மயங்குவார்கள். ஆனால் ஓர் அடி அடங்குமுன்னே அடுத்த அடி வந்து எல்லாம் கூழாகிவிடும். முதலாளி வெளியே போன சமயம் மூன்றிலும் ஒரே பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மேலே கையை வைத்துப் பார்த்தேன். மூடிய பெட்டியில்தான் மத்தளக்காரனின் வலதுகை எது, இடதுகை எது என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. அதையே எடுத்தேன். அண்ணனுக்கு உறுமல் வேண்டாம், அடி வேண்டும்.

சின்னப் பெட்டிகளின் முதுகில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: முன், முன், நடு, பின், பின். பிக்கோக்காரன் பெண்டாட்டிக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குரலைக் கேட்க வெட்கமா என்று கேட்டிருந்தீர்கள். அது இல்லை, அண்ணி.

எவேலியோ


பாரங்கியா
16 பிப்ரவரி 2004

எவேலியோ,

நீ ஒட்டியிருந்தபடியே வைத்தோம். ‘முன்’ இரண்டும் வாசல் ஜன்னலில், தெருவைப் பார்த்து. ‘பின்’ இரண்டும் கொல்லையில், கோழிக்கூண்டின் மேல். ‘நடு’ கூடத்தில். பெரியதற்கு நீ ஒன்றும் ஒட்டவில்லை. பெரியது என்றைக்கும் வாசலில்தானே நிற்கும்? வாசலில் நிறுத்தினோம், அதுவும் தெருவைப் பார்த்து. இந்த ஊரில் பிறந்த எவள் வேறு மாதிரி வைப்பாள்? வீட்டுக்கு முன்பக்கம் என்றால் தெரு. நாம் போடுகிற பாட்டு நமக்கா, தெருவுக்குத்தானே!

சனிக்கிழமை சாயங்காலம் யுரானிஸ் பாட்டைப் போட்டாள். அஞ்சு நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. நாற்காலி, பீர், முகத்தில் பூசச் சோளமாவு. கார்னிவலுக்கு ஒரு வாரம் முன்பு இவர்களுக்குக் காரணம் வேறு வேண்டுமா? “வில்ஃப்ரிதோ திரும்ப வந்துட்டாருடோய்!” என்று மாதியாஸ் கத்தினான். வாசலில் நிழல் ஆடுவதைப் பார்த்து இவர் எழுந்து வந்தார். எவேலியோ, அவர் தானாக எழுந்து வந்தார்.

பெட்டிக்குப் பின்னால், பழைய இடத்தில் போய் நின்றார். எல்லோருடைய காலையும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் தூக்கினார். உனக்கு நினைவிருக்கும், மத்தளம் நின்று திரும்பவும் விழுகிற இடத்துக்கு முன்னால் தூக்குவாரே, அவர் கை இறங்கும்போது தெருவே குதிக்குமே, அந்தக் கை. இறக்கினார். அந்தப் பாட்டில் அப்போது மத்தளமே இல்லை. பாட்டுக்காரி நடுவில் மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துத் தெரு கொல்லென்று சிரித்தது. மறுபடி தூக்கி மறுபடி இறக்கினார். மறுபடி சிரித்தார்கள்.

அவர் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததை நான் பார்த்தேன். இனி என் சாவு வரைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகாது. உள்ளே போய் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

இன்றோடு மூன்றாம் நாள். தண்ணீருக்கு மட்டும் கதவு ஒரு விரல் அகலம் திறக்கிறது. தட்டினால் கேட்காது, கத்தினால் கேட்காது. கதவை உடைக்கலாம் என்கிறான் மாதியாஸ். உடைத்து உள்ளே போய் நான் என்ன சொல்ல, எந்தக் காதில் சொல்ல?

யுரானிஸின் சிநேகிதி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். “பெட்டி எல்லாம் உள்பக்கம் பாக்கணும், உக்காந்திருக்கிறவரைப் பாக்கணும்” என்றாள். உனக்கு இது தெரியும். ஒரு வரி எழுதியிருக்கலாம். வேண்டுமென்றே விட்டாயா? திருடன் என்று சொன்னதற்குத் தெருவில் வைத்தே பழி வாங்கினாயா? ஒரே ஒரு தடவை போன் பண்ணு. இல்லை என்று உன் வாயால் சொல்லு. அது போதும்.

லெதிஸ்


மரகைபோ
18 பிப்ரவரி 2004

அண்ணி,

கடிதம் இப்போதுதான் வந்தது. டிரைவர் சாப்பிட்டு எழும்வரைதான் நேரம், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

எனக்கும் காது கேட்காது.

இரண்டு வருஷமாக. போன் என்பது எனக்குக் கையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். முதலாளிக்குத் தெரியாது. வாயசைவைப் பார்த்துச் சமாளிக்கிறேன். வாங்க வருகிறவர் “எது நல்லா இருக்கு?” என்று கேட்டால் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ரொம்ப ரசனையுள்ள ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். மரவள்ளி பற்றி எப்படித் தெரியும் என்றீர்களே, சாப்பாடு இறங்காத நாட்களில் அதை மசித்துக் குடித்ததும் நான்தான்.

வேண்டுமென்றே விடவில்லை, அண்ணி. ‘முன்’ என்று எழுதும்போது எனக்கே தோன்றியிருக்க வேண்டும். இங்கே வந்து ஜனங்கள் ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி வைப்பதைப் பார்த்துப் பார்த்து, நம் தெருவை மறந்துவிட்டேன். என் மேல்தான் தப்பு.

இதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது ஒரு நாள் கடையில் ஒரு பெட்டியின் ட்வீட்டர் செத்துக் கிடந்தது. யாரோ நல்லதைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டியிருக்கிறார்கள் என்று அங்கே வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்துக் கத்தினேன். திருடி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பயந்துபோய், “நல்லாத்தானே பாடுது, சார்” என்றாள். கூட நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ட்வீட்டர் பாடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சண்டைக்கோழிக்கு முன்னால் நின்று அண்ணன் என்னைச் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்திருந்தது. ட்வீட்டர் பாடுகிற மெல்லிய கீச்சுச் சத்தம்தான் காதில் முதலில் போகும். போவது தெரியாது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். பக்கத்தில் இருக்கிறவன் எதையோ கழற்றிவிட்டான் என்று தோன்றும். நான் திருடவில்லை, அவர் பொய்யும் சொல்லவில்லை. அன்றைக்கே அவருக்குப் போக ஆரம்பித்துவிட்டது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்த பிறகும் நான் எழுதவில்லை. நாலு வருஷம் கோபம், அப்புறம் இரண்டு வருஷம் வெட்கம்.

இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அவருக்குத் தெரியக்கூடாது என்றீர்கள். தெரியட்டும்.

சிமெண்ட் தரை அதிர்வை விழுங்கிவிடும். ஒரே பலகையின் மேல் நாற்காலியையும் பெரிய பெட்டியையும் வையுங்கள். சத்தம் குறைவாக, வெறும் மத்தளம். பெட்டி அவரைப் பார்த்து இருக்கட்டும், தெருவைப் பார்த்து வேண்டாம்.

டிரைவர் எழுந்துவிட்டார். அவரைச் சாக விட்டுவிடாதீர்கள், அண்ணி.

எவேலியோ


பாரங்கியா
22 பிப்ரவரி 2004

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். போனில் பேசவில்லை என்று உன்னை என்னவெல்லாம் எழுதினேன்! மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது எனக்கே சின்ன வார்த்தையாகத் தெரிகிறது.

கதவுக்கு அடியில் தள்ளினேன். நானும் யுரானிஸும் தரையில் உட்கார்ந்துகொண்டோம். காகிதம் உள்ளே இழுபட்டது. பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமுகிறார் என்று நினைத்தேன். “அப்பா சிரிக்கிறாரும்மா” என்றாள் யுரானிஸ். சிரிப்புதான். அது நடுவிலேயே அழுகையாக மாறியது. எவ்வளவு நேரம் அழுதார் என்று தெரியாது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஐந்து மாசம் கழித்து உன் அண்ணன் பேசிய முதல் வார்த்தை, அதுவும் கூரை பறக்கிற மாதிரி:

“அந்தக் கழுதைக்கும் போச்சா?”

நான் தலையை ஆட்டினேன். கடிதத்தில் பலகை என்று நீ எழுதிய இடத்தை விரலால் காட்டினார். வீட்டில் பலகை எங்கே இருக்கிறது? அவரே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கதவையே கீலிலிருந்து கழற்றினார். எலும்பும் தோலுமாக நின்றுகொண்டு, எங்களைத் தொடக்கூட விடவில்லை. கதவைக் கூடத்தில் படுக்கப் போட்டு, அதன் மேல் ஆடுநாற்காலியும் பெட்டியும். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மத்தளம் ஓடியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதி பாட்டில் கால் கட்டைவிரல் அசைந்தது. “நல்ல பெட்டி. கையால பாத்து எடுத்திருக்கான்” என்றார். மனசு நிறைந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். இன்னும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குகிறார்.

நேற்று கார்னிவல் சனிக்கிழமை. தெரு நிரம்பி வழிந்தது. முனையில் வேறு யாருடைய பிக்கோவோ போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தது. இவர் எழுந்து சட்டையை மாட்டினார். போன சனிக்கிழமை நினைவு வந்து நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். என்னை மெல்ல நகர்த்தினார்.

“தெருவுல வச்சுத்தானே அவனைத் திருடன்னேன்? தெருவுலதான் மாத்திச் சொல்லணும்.”

நடுத்தெருவில் போய் நின்று கையைத் தூக்கினார். பிக்கோக்காரன் என்ன நினைத்தானோ, பாட்டை நிறுத்திவிட்டான். முகமூடி போட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கத்தினார். தன் குரல் தனக்குக் கேட்காதவருக்கு அளவு ஏது? நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“என் தம்பி எவேலியோ திருடன் இல்ல! ட்வீட்டரை எவனும் கழட்டல! என் காதுதான் போயிருச்சு! அன்னிக்கே போயிருச்சு! எனக்குத் தெரியாமப் போச்சு!”

யாரும் சிரிக்கவில்லை. மாதியாஸ் தொப்பியைக் கழற்றினான். எதிர்வீட்டு ஓல்கா அழுதாள். ஆனால் இதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அவருக்கு முன்னால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றார்கள், அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் கையையாவது தட்டியிருக்கலாம்.

உள்ளே வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

“லெதிஸ், நான் சத்தமாச் சொன்னேனா? இல்ல, சும்மா வாயை மட்டும் அசைச்சேனா?”

கேட்டது, எல்லோருக்கும் கேட்டது என்று தலையை ஆட்டினேன், ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் நம்பவில்லை. இன்று காலையிலிருந்து நூறு தடவை கேட்டுவிட்டார். நீ வா, தம்பி. மரகைபோ வரைக்கும் கேட்டது என்று நீயே வந்து சொல்லு.

உன் அண்ணி,
லெதிஸ்